தட்டினாலும் நிற்காத வண்டி

எங்கள் குடும்பத்திலிருந்து வெளிநாடு போன முதல் ஆள் நான். அம்பாசமுத்திரத்தில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கினேன். பாஸ்போர்ட் கேட்கவில்லை என்ற ஒரு குறையைத் தவிர மற்றதெல்லாம் வெளிநாடுதான். பேச்சு பாதி புரியவில்லை. காலையில் இட்லிக்கு வடகறி என்று ஒன்றை ஊற்றினார்கள். எங்கள் ஊரில் வடையும் குழம்பும் ஒரே கிண்ணத்தில் சந்தித்துக்கொண்டதே கிடையாது. மரியாதையாக இருக்கட்டுமே என்று எல்லோரையும் ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டுப் பார்த்தேன். கடைத்தெருவில் ஒரே ஒருவர் திரும்பினார். அவர் மளிகைக்கடைக்காரர், சொந்த ஊர் நாங்குநேரி.

இது தொண்ணூறுகளின் கடைசியில். ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவில் எனக்கு வேலை. ஊர் ஊராகப் போய் ஜனங்களுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கும் வண்டி ஒன்று அங்கே இருந்தது. வண்டிக்குப் பரிசோதகன் நான். டிரைவர் தேசிங்கு, என்னைவிட இருபது வயது மூத்தவர். முதல் நாளே என்னைத் திருத்தினார்.

“அண்ணாச்சி கிண்ணாச்சினு கூப்டாத சார். நா இன்னா பருப்பு நிறுத்து குட்துகினா கீறேன்? அண்ணாத்தனு சொல்லு, போதும்.”

அந்த வண்டி முற்பிறவியில் ஒரு பேக்கரியில் ரொட்டி சுமந்தது. முன்னால் டிரைவர் உட்காரும் கேபின், பின்னால் ஒரு தகரப் பெட்டி, இரண்டுக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல். பெட்டியின் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியேதான். ரொட்டி உள்ளேயிருந்து கதவைத் திறக்கப்போவதில்லை அல்லவா? பரிசோதனைக் கருவி குலுங்கினால் கெட்டுவிடும் என்பதால், போகும்போதெல்லாம் நான் பின்னால் உட்கார்ந்து அதைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொள்வேன். தேசிங்கோடு பேச வேண்டுமென்றால் தகரத்தைத் தட்ட வேண்டும். ஒரு தட்டு தட்டினால் நிறுத்துவார். இரண்டு தட்டினால் கிளம்புவார். தமிழ்நாட்டில் லாரியும் பஸ்ஸும் இந்தத் தட்டில்தான் ஓடுகின்றன. நாங்களும் அப்படியே ஓடினோம்.

எங்கள் முதல் முகாம் திருவிடந்தையில், கடற்கரைச் சாலை ஓரத்துப் பள்ளிக்கூட வாசலில். பரிசோதனை எளிது. வருகிறவரை வண்டிக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டுவேன். கருவி மெல்லிசாகக் ‘கீ’ என்று கத்தும். கேட்டால் அவர் கையைத் தூக்க வேண்டும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவேன். எதுவரை கை எழும்புகிறதோ அதுதான் காதின் அளவு.

கை எழும்பவே இல்லை. கருவி கத்தும்போதெல்லாம் வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்தது. பஸ் போனால் கடற்காற்று தகரத்தை அறைந்தது. காற்று நின்றால் கூரையில் காக்கை நடந்தது; தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஆணிச் செருப்புப் போட்ட காக்கை. அன்று வந்த நாற்பத்திரண்டு பேருக்கும் காது மந்தம் என்று எழுதினேன். பள்ளித் தலைமையாசிரியருக்கும் அப்படியே எழுதி நீட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

காதுப் பிரிவின் தலைவர் வைதேகி டாக்டர். கோபத்தில்கூடக் குரல் உயர்த்தாதவர். தாள்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்:

“ஊர்ல ஒருத்தருக்குக்கூடக் காது கேக்கல. சரி. அப்ப நீங்க மைக்ல முகாம்னு அறிவிச்சதை யார் கேட்டு வந்தாங்க?”

நான் தாள்களை எடுத்து அடுக்கினேன்.

“வர்ற வெள்ளிக்கிழமை மாமல்லபுரத்துல சிற்பிகளுக்கு முகாம். உளிச்சத்தம் கேட்டுக் கேட்டே காது போனவங்க அவங்க. வண்டியை அவங்க தெருவுலயே நிறுத்துங்க. முதல் ஆளா நான் உக்காருறேன். என் காது நல்ல காது. உங்க வண்டிக்குள்ள அதுவும் மந்தம்னு வந்தா, திங்கக்கிழமை வண்டி கண் பிரிவுக்குப் போயிடும்.”

கண் பிரிவுக்காரர்கள் ஒரு வருஷமாகவே அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வேலையே அதுதானே. வண்டி போனால் பரிசோதகனும் போவான். ஊரில் என் அப்பா என்னை ‘டாக்டருக்கு அடுத்த ஆள்’ என்று சொல்லிவைத்திருந்தார். அடுத்த ஆள் பெட்டியோடு அம்பாசமுத்திரத்தில் இறங்குவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை வண்டியை அன்வர் பாயின் குஷன் கடைக்குக் கொண்டுபோனோம். கார் சீட்டுக்கு உறை தைக்கிறவர். பாய் வண்டியைச் சுற்றிவந்து, தேங்காய் வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொரு தகரத்தையும் விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்தார். ‘டங்.’

“இது வண்டி இல்ல சார், தவுலு,” என்றார். “ரோட்டுச் சத்தம் பாதி சக்கரத்துக்கு மேல கீற தகரத்துலேந்து வருது. மீதி, கதவு இடுக்குல வருது. தகரம் அதிரக் கூடாது, இடுக்கு இருக்கக் கூடாது. அவ்ளோதான் மேட்டரு.”

“முட்டை அட்டை ஒட்னா சத்தமே வராதாம் பாய்,” என்றார் தேசிங்கு. சொன்னதோடு நிற்காமல், மத்தியானத்துக்குள் ஒரு முட்டை மண்டியிலிருந்து ஆளுயரத்துக்கு அட்டைகளைத் தூக்கிக்கொண்டும் வந்துவிட்டார். ஒரு பக்கம் முழுக்க ஒட்டிப் பார்த்தோம். சத்தம் குறையவில்லை. கரப்பான்பூச்சி கூடியது. ஒரு கோழி உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது.

பிறகு பாய் தன் வழிக்கு வந்தார். மொட்டைமாடி ஒழுகினால் ஒட்டுகிற தார் ஷீட்டைத் துண்டு துண்டாக வாட்டித் தகரத்தில் ஒட்டினார். தரைக்கு லாரி டயரின் பழைய டியூப். அதற்கு மேலே தேங்காய்நார் மெத்தை, அதற்கும் மேலே பிளைவுட், கடைசியில் பஞ்சு வைத்துத் தைத்த வெள்ளை ரெக்ஸின். கதவு விளிம்பு நெடுகிலும் ரப்பர் பட்டை. இதெல்லாம் கத்திரி வெயிலில். தார் உருகிக் கூரையிலிருந்து சொட்டியது. என் ஒரே வெள்ளைச் சட்டை சிறுத்தையாயிற்று. “சூடும் உள்ள வராது சார், பாரு,” என்றார் பாய். உண்மைதான், வெளிச்சூடு வரவில்லை. உள்சூடும் வெளியே போகவில்லை.

கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த ஜன்னலைப் பாய் விட்டுவைத்திருந்தார். அதன் வழியாக இன்ஜின் சத்தம் வருகிறது என்று கண்டுபிடித்தவன் நான். அதையும் மூடுங்கள் என்று சொன்னவன் நான். அந்தப் பெருமையை வேறு யாருக்கும் பங்கு தருவதற்கில்லை. நோயாளிக்குப் பயம் வரக் கூடாதென்று பின்கதவில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் இரட்டைக் கண்ணாடி மிஞ்சியது.

புதன்கிழமை மாலை பாய் மறுபடி முட்டியால் தட்டினார். ‘பொத்.’ மூவரும் கைகுலுக்கிக்கொண்டோம்.

வியாழக்கிழமை ஓட்டிப் பார்ப்பதற்காக வேடந்தாங்கல் போனோம். பறவைகள் எல்லாம் ஊருக்குப் போய்விட்ட காலம். ஏரியில் எருமைகள் மட்டும் சுற்றுலா வந்திருந்தன. கருவியை ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டதால் நான் முன்னால் தேசிங்கோடு உட்கார்ந்து போனேன். அங்கே போய் நான் பெட்டிக்குள் ஏற, அவர் வெளியே தாழ்ப்பாளைப் போட்டார். வெளியிலிருந்து தாழ்ப்பாள் இறுக்கினால்தான் ரப்பர் நன்றாக அமுங்கும் என்று பாய் சொல்லியிருந்தார். உள்ளே என் வயிறு கடகடவென்றது எனக்கே கேட்டது. அப்படியொரு அமைதி. கொஞ்ச நேரம் கழித்துத் தேசிங்கு கதவைத் திறந்தார்.

“இன்னா சார், நாலு தபா கூப்டேன், சாப்ட வரலயானு. ஹாரன்கூட அடிச்சேன். கோவமா?”

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நாலு தடவை கூப்பிட்டும் எனக்குக் கேட்கவில்லை! புத்தியுள்ளவன் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பான். நான் இரண்டு நுங்கு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, கருவி மடியில், நான் பெட்டிக்குள். சிற்பிகள் தெருவில் எங்கே நிறுத்துவது என்று எனக்குத்தான் தெரியும். முன்கூட்டியே பஸ்ஸில் போய் இடம் பார்த்து வந்திருந்தேன். தும்பிக்கை இன்னும் செதுக்காத ஒரு கல் யானை நிற்கும் பட்டறை அது.

“யானையைப் பார்த்ததும் நான் ஒரு தட்டு தட்டுதேன் அண்ணாத்த. நீங்க நிப்பாட்டிருங்க,” என்றேன்.

“நீ தட்டு சார். மீதிய நா பாத்துக்கறேன்.”

திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரத்துக்குள் நுழைந்தோம். பின்கண்ணாடியில் யானை மெதுவாகப் பின்னோக்கிப் போயிற்று. தட்டினேன்.

‘பொத்.’

வண்டி போய்க்கொண்டிருந்தது. மறுபடி தட்டினேன். குத்தினேன். கருவியை இடது கையில் அணைத்துக்கொண்டு காலால் உதைத்தேன். “அண்ணாத்த!” என்றேன். பதற்றத்தில் “அண்ணாச்சி!” என்றும் அலறினேன். பாயின் வேலை அவ்வளவு சுத்தம். தட்டு வரும்வரை ஓட்டுவேன் என்று வாக்குக் கொடுத்த தேசிங்கு, கடற்கரைச் சாலையில் ஏறி வடக்கே திரும்பினார்.

எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்தது. நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக் கையை ஆட்டினேன். டிரைவர் பதிலுக்குக் கை ஆட்டினார். பக்கத்தில் நின்ற கண்டக்டர் சல்யூட் வைத்தார். பிறகு ஒரு மொபெட்டில் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். நால்வரும் கை ஆட்டினார்கள். சின்னது நாக்கையும் துருத்திக் காட்டியது. சவுக்குத் தோப்புகள் போயின. இறால் பண்ணைகள் போயின. இவ்வளவு அன்பான ஜனங்களை நான் எங்கள் பக்கத்தில் பார்த்ததில்லை. ஒருவருக்காவது கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கலாம்.

வண்டி கடைசியில் நின்றது திருவிடந்தையில். இவ்வளவு நேரமாகத் தட்டே வரவில்லையே என்று தேசிங்குக்குக் கவலை வந்ததாம். கவலை வந்தால் அவருக்கு டீ வேண்டும். சாலையோரக் கடையில் இறங்கினார். கண்ணாடி முன்னால் கூட்டம் கூடியது. உள்ளே நாலு பக்கமும் வெள்ளை மெத்தை. நடுவில், சட்டையெல்லாம் கறுப்புப் புள்ளியோடு, சத்தமில்லாமல் கத்திக்கொண்டு சுவரைக் குத்தும் ஒருவன். அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் ஊகிக்கத் தேவையில்லை. அங்கே நின்றிருந்த மீன்காரி அஞ்சலை பின்னால் எனக்கு அதை வரிவிடாமல் சொன்னார்.

“பாவம், பட்ச்சவன் மாதிரி கீறான்.”

“பட்ச்சதாலதாம்பா இப்டி ஆயிப்பூட்டுது.”

“ஆஸ்பத்திரி வண்டியாமே, டிரைவரே சொன்னாரு. தொறக்காதீங்கபா.”

கூட்டத்தில் ஒரு தெரிந்த முகம் கண்ணில் பட்டது. பள்ளித் தலைமையாசிரியர்! இரண்டு கையையும் கூப்பிக் கதவைக் காட்டினேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மெல்லச் சிரித்தார். ஆள்காட்டி விரலால் தன் காதைத் தொட்டு, ‘கேட்கவில்லையே’ என்று தலையை ஆட்டினார். எழுதிக் கொடுத்தவன் நான்தானே.

திறந்தவர் அஞ்சலை. மீன்கூடையை இடுப்பில் இருத்திக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தார்.

“யோவ், கடிச்சே, கூடையாலயே சாத்துவேன்.”

நான் வெளியே விழுந்தேன். மணி ஒன்பதரை. முகாம் பத்து மணிக்கு. டீ கிளாஸோடு தேசிங்கு ஓடிவந்தார்.

“இன்னா சார் நீ! ஒரு தட்டு தட்றதுக்கு இன்னா? மெட்ராஸே வந்துடும் போலக்கீது!”

“நாப்பது தட்டு தட்டினேன்!”

“எனுக்கு ஒண்ணியும் வரல,” என்றார், தபால் வராதவர் மாதிரி.

விஷயத்தைக் கேட்டதும் அஞ்சலை வழி கண்டுபிடித்தார். அவரும் மாமல்லபுரத்துக்கு மீன் விற்கப் போகிறவர்தான். “தும்பிக்கை இல்லாத யான தானே? நா காட்றேன், வண்டிய எடு,” என்று கூடையோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். நான் மறுபடி ரொட்டியானேன். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது யானைப் பக்கத்தில் நின்றோம். ஒரு கூடை சங்கரா மீன் முன்னால் இருந்தும் பின்னால் வாசமே வரவில்லை. பாய் மூக்குக்கும் சேர்த்துத்தான் வேலை செய்திருந்தார்.

வைதேகி டாக்டர் காத்திருந்தார். சுற்றிலும் முப்பது உளிகள், முப்பது சுத்தியல்கள். ‘டங் டங் டங்’ என்று என் பல்லே ஆடியது. வரிசையில் முதல் சிற்பி கன்னியப்பன். விறைப்பான ஆள், ஊருக்கே கேட்கும்படிதான் பேசுவார். “எனுக்கு நல்லா கேக்குது. வூட்ல இவ சொல்றானு வந்தேன்,” என்று முழங்கினார். அவருக்குப் பரிசோதனையை விளக்கினேன்: சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அவர் அதை மற்றவர்களுக்கு விளக்கினார். தெருவுக்கே புரிந்தது.

இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. “வேலை முடிஞ்சதும் கண்ணாடி வழியா கை ஆட்டுவேன் அண்ணாத்த. உடனே திறக்கணும்.”

“ஷோக்கா சொன்ன,” என்று தாழ்ப்பாளைப் போட்டார் தேசிங்கு.

உள்ளே உளிகள் எங்கோ பக்கத்து ஊரில் யாரோ நகம் வெட்டுவது மாதிரி ஆகிவிட்டன. டாக்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். சத்தத்தைக் குறைத்தேன், கை எழுந்தது. இன்னும் குறைத்தேன், எழுந்தது. கருவியால் அதற்குக் கீழே போக முடியாத இடம்வரை போனேன். கை எழுந்தது. இரண்டு காதும் சுத்தமாக நல்ல காது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்சம் வியர்வையும் சேர்ந்திருக்கும்.

“பரவாயில்லயே,” என்றார் டாக்டர். அவர் அகராதியில் அது பெரிய வார்த்தை. “திறக்கச் சொல்லுங்க. வேகுது.”

கண்ணாடியில் கையை ஆட்டினேன். தேசிங்கைக் காணோம். நாஸ்தா சாப்பிடப் போனவர், பொறுப்பைக் கன்னியப்பனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கன்னியப்பன் என் கையைப் பார்த்தார். பின்னால் திரும்பி எல்லோருக்கும் ஏதோ சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

டாக்டர் என்னை நகர்த்திவிட்டுத் தானே கையை ஆட்டினார். கன்னியப்பன் முகம் மலர்ந்தது. டாக்டர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். தெருவே கைதட்டியது. ‘டாக்டரம்மாவுக்கு எப்டி கேக்குது பார், ரெண்டு கையும் தூக்கறாங்க!’ என்று கன்னியப்பன் சொன்னதாகப் பின்னால் தெரிந்துகொண்டேன். பட்டறைகளிலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். பின்வரிசையில் சிலர் தாங்களும் கையைத் தூக்கிப் பழகிப் பார்த்தார்கள்.

வைதேகி டாக்டர் அப்போது ஒரு சத்தம் போட்டார். அவர் அவ்வளவு சத்தமாகக் கத்தி எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் கேட்டதில்லை. அன்றும் யாரும் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முகாம் தாள்களால் விசிறிக்கொண்டோம். டாக்டரின் நெற்றிப்பொட்டு மூக்குவரை இறங்கி வந்தது. கண்ணாடியில் ஒரு மீன்கூடை தெரிந்தது. அஞ்சலை என் முகத்தைப் பார்த்து நின்றார். அவருடைய வாயசைவு எனக்கு நன்றாகவே புரிந்தது: “இந்த மூஞ்ச காலைலயே பாத்தேனே!” தாழ்ப்பாள் நகர்ந்தது.

“கேட்ட கையும் கெஞ்சற கையும் ஒண்ணாயா?” என்று கன்னியப்பனை அதட்டினார்.

நாங்கள் இருவரும் சொட்டச்சொட்ட இறங்கினோம். கல்சிலை வாங்க வந்திருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் அருகே வந்து, இந்த நீராவிக் குளியல் இரண்டு பேருக்குச் சேர்த்து என்ன விலை என்று இங்கிலீஷில் பணிவாக விசாரித்தார்.

வைதேகி டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வழக்கமான குரல் திரும்பியிருந்தது.

“வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும். கண் பிரிவுக்கு நான் சொல்லிக்கிறேன். ஒவ்வொரு ஆளுக்கும் நடுவுல கதவைத் திறந்து காத்து விடுங்க. அப்புறம், உள்ளேயிருந்து அடிக்க ஒரு மணி மாட்டுங்க. இன்னிக்கே.”

அடுத்து கன்னியப்பன் ஏறினார். தாடையைத் தூக்கி, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். கனத்த சத்தங்களுக்குக் கை டக்கென்று எழுந்தது. மெல்லிய ‘கீ’ சத்தங்கள் வந்தன. கருவியில் முள் ஏறிக்கொண்டே போயிற்று. கை தொடையிலேயே இருந்தது. “மெஷினு நின்னுட்ச்சா சார்?” என்று கேட்டார். நிற்கவில்லை. அத்தனை முகாம் தாள் எழுதியதில், ஒருவருக்குக் காது மந்தம் என்று நான் எழுதி அது உண்மையாகவும் இருந்தது அன்றைக்குத்தான். வெளியே இறங்கியதும் அவர் மனைவி என்னிடம் முடிவைக் கேட்டார். சொன்னேன். “நா சொல்லல?” என்றார் கன்னியப்பனிடம். பிறகு அதையே கொஞ்சம் கிட்டே போய், மெதுவாக, முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார்.

மத்தியானம் சைக்கிள் கடையில் ஒரு மணி வாங்கினோம். பிரேக் கம்பி ஒன்றைப் பெட்டிக்குள்ளிருந்து ஊசித்துளை வழியாக இழுத்து, கேபினில் தேசிங்கின் காதுக்குப் பின்னால் மணியை மாட்டினோம். திருகாணி முடுக்கியவர் தேசிங்குதான். “இனிமே இன்னா சார், நீ ஒரு தபா இழு, நா பிரேக்க போட்றேன்,” என்று அவரே இரண்டு தடவை அடித்தும் பார்த்தார்.

திரும்பும்போது எனக்கு டீ வேண்டியிருந்தது. திருக்கழுக்குன்றம் வந்ததும் கம்பியை இழுத்தேன். வண்டி நிற்கவில்லை, இடதுபக்கம் ஒதுங்கியது. மறுபடி இழுத்தேன். இன்னும் ஒதுங்கியது. பின்கண்ணாடியில் சாலை தூரத்துக்குப் போய், பள்ளத்துக் கோரைப்புல் கிட்டே வந்தது. செங்கல்பட்டு வரை இழுத்துக்கொண்டே வந்தேன். செங்கல்பட்டு வரை நாங்கள் சாலையின் ஓரத்திலேயே வந்தோம்.

ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்த தேசிங்கு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பேஜாரு புட்ச்சவன் சார். திருக்கழுக்குன்றத்துலேந்து ஒரு சைக்கிள்காரன் பின்னாலயே மணி அடிச்சிகினே வந்தான். நானும் வழி வுட்டு வுட்டு பாத்தேன். கடசி வரிக்கும் தாண்டவே இல்ல.”